படம் மங்கலாக இருக்கிறது

இன்டர்நெட் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. போன வாரம் வந்தவர் அதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின வாரம் வந்தவரும் அதைத்தான் சொன்னார். பெட்டியில் பச்சை விளக்கைக் காட்டினார், போனில் வேகத்தை அளந்து காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். படம் அப்படியே மங்கலாக இருக்கிறது. பச்சை விளக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஜெபம் பண்ணவா?

உட்காருங்கள். அதில் வேண்டாம், அது என் நாற்காலி. கைப்பிடியில் ஜாய்ஸ்டிக்கை முறுக்கி வைத்திருக்கிறேன், இடித்தால் விமானம் கவிழ்ந்துவிடும். இதில் உட்காருங்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரன் வீட்டில் இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மனைவி வயலட் இந்த நாற்காலிக்குத் தொட்டில் என்று பெயர் வைத்திருக்கிறாள். "தொட்டில்ல இருந்து எறங்குனா சோறு போடலாம்" என்பாள்.

விஷயம் இதுதான். இது விமானம் ஓட்டும் விளையாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன், இலவச விளம்பரம் செய்ய நான் தயாராக இல்லை. வெளியாகி நாற்பது நாள் ஆகிறது. உலகத்தில் உள்ள எல்லா ஊரும் இதில் இருக்கிறதாம், எந்த ரன்வேயிலும் இறங்கலாமாம். அத்தனை ஊரையும் ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பதால், நாம் பறக்கப் பறக்க மரம், வீடு, மலை எல்லாம் லைன் வழியாக வந்துகொண்டே இருக்கும். லைன் மெதுவானால் படம் மங்கும். இதை நான் சொல்லவில்லை, விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரனே எழுதி வைத்திருக்கிறான். அப்படியானால் தப்பு யாருடையது? உங்களுடையது. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை, கம்பெனியைச் சொல்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம். தலை நரைத்த பிறகும் உங்களை ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய விட்டிருக்கிறார்கள்.

மானிட்டரை மாற்றியாயிற்று. பெரிய மானிட்டர் வந்தது, மங்கல் பெரிதாகிவிட்டது. டியூப் லைட்டை மாற்றினேன். இப்போது வருகிற டியூப் லைட்டில் வெளிச்சத்தையே கலப்படம் செய்கிறார்கள், கவனித்தீர்களா? காலண்டரில் தேதியைக்கூட எறும்பு படிப்பதற்காக அச்சடிக்கிறார்கள். எல்லாம் தரம் இறங்கிவிட்டது. என் கடமையைச் செய்தாயிற்று. மிச்சம் இருப்பது உங்கள் லைன் ஒன்றுதான்.

முதல் நாள் கதையைக் கேளுங்கள். விளையாட்டு திறக்கும்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சதவீதம் காட்டும். எண்பத்தாறில் நின்றுவிட்டது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் எண்பத்தாறில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, 'ஆகாய நண்பர்கள்' என்று. நூற்றுப் பன்னிரண்டு பேர். நண்பர்கள் என்பது பெயரில் மட்டும். அன்றைக்கு ஒருவர் 'எனக்கு 87' என்று போட்டார். அவரை எல்லோரும் வெறுத்தோம்.

மூன்றாம் நாள் திறந்தது. திறந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம். இதை விற்கிற இணையக் கடையில், வாங்கியவர்கள் கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், காரணம் எழுதலாம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கடைக்காரன் ஒரே வார்த்தையில் தீர்ப்பு போடுவான். இதற்குப் போட்ட தீர்ப்பு 'கலவை'.

கலவை என்றால் சாதாரணக் கலவை இல்லை. சேலத்தில் ஒருவர் ஐந்நூறு மணி நேரம் பறந்துவிட்டு, 'யாரும் வாங்காதீர்கள், சகிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். சகிக்காமலே ஐந்நூறு மணி நேரம். பந்தியில் மூன்றாம் தடவை சாம்பார் வாங்கிக்கொண்டே உப்பில்லை என்கிறவர் இருப்பாரே, அந்த ரகம். சிவகாசியில் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே பறந்திருக்கிறார். மாடியில் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததாம். அதற்குப் பிறகு விமானம் பறந்ததா விழுந்ததா என்று அவருக்குக் கவலையே இல்லை. கட்டைவிரல் மேலே. கும்பகோணத்தில் ஸ்ரீவத்சன் என்று ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். தோளில் நான்கு கோடு போட்ட வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருக்கிறார். புறப்படுவதற்கு முன்னால் காலி அறையைத் திரும்பிப் பார்த்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பார். அவருக்கு எல்லாமே அருமை. எண்பத்தாறில் நின்றதுகூட அவருக்கு அருமை. நிஜ விமானமும் தாமதமாகத்தானே வருகிறது என்றார்.

குழுவில் நிஜமான பைலட் ஒருவர் இருக்கிறார் தம்பி. நிஜ விமானம், நிஜப் பயணிகள். அவர் பாவம் ஒருநாள், 'இறங்கும்போது குறுக்கே அடிக்கிற காற்றில் விமானம் ஆடுவதை அப்படியே செய்திருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டார். பாய்ந்துவிட்டார்கள். 'உங்களுக்கு அனுபவம் போதாது சார்' என்று பெருந்துறையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர் எழுதினார். அன்றோடு அந்த பைலட் வாயைத் திறப்பதில்லை.

நானா? நான் கீழே காட்டினேன். ஆனால் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் காரணம் இருந்தது.

காப்பி குடிப்பீர்களா? வயலட் ஊரில் இல்லை, ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. நானே போடுகிறேன். சர்க்கரையை எங்கே ஒளித்து வைத்தாள் என்றுதான் தெரியவில்லை. கருப்பட்டியைப் போட்டுச் சமாளிக்கிறேன். எது? அந்த டப்பாவா? அதிலேயே எழுதியிருக்கிறதா? அது ரவை என்று நினைத்தேன். சரி, சர்க்கரையே போடுகிறேன்.

நான் நம்ம ஏர்போர்ட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். பைலட்டா என்று கேட்காதீர்கள், அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அடுத்து, விமானத்துக்கு உத்தரவு கொடுக்கிற டவரா என்பார்கள். பறவை விரட்டுகிறவன். சிரித்தாயிற்றா? ஒரு மஞ்சள் ஜீப், கூரையில் சுற்றுகிற விளக்கு, பக்கத்துச் சீட்டில் ஒரு பை நிறைய அணுகுண்டு. பட்டாசைச் சொல்கிறேன். முதல் விமானம் வருவதற்கு முன்னால் ரன்வேயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். மயில் நிற்கும். நரி படுத்திருக்கும். ஆட்காட்டிக் குருவி ஓரத்துச் சரளைக்கல்லில் முட்டையைப் போட்டுவிட்டு, அதன் வீட்டில் நான் திருட வந்த மாதிரிக் கத்தும். எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு, வாக்கிடாக்கியில் டவரைக் கூப்பிட்டு 'ரன்வே கிளியர்' என்று சொல்ல வேண்டும். மணி ஆறே கால். ஒரு குருவி போதும் தம்பி, இன்ஜினுக்குள் போனால் எழுபது பேர் கதை முடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் என் நேரத்தில் ஒரு குருவி அடிபட்டதில்லை. விமானம் தரையைத் தொட்டதும் பைலட்டுக்குக் கைதட்டுவார்கள். என்னை ஜன்னல் வழியாகப் பார்த்து, எவனோ வேலையில்லாமல் வெடி போடுகிறான் என்பார்கள்.

'ரன்வே கிளியர்' சொல்லி முடித்ததும் ஜீப்பை விட்டு இறங்கி நின்று ஒரு கையைத் தூக்குவேன். வாக்கிடாக்கி இருக்கும்போது கை எதற்கு என்று டவரில் இருப்பவர்களே கிண்டல் செய்திருக்கிறார்கள். பழக்கம். டவருக்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு வேலிக்கு வெளியே ரோட்டில் பெனிட்டா பள்ளிக்கூட வேனுக்கு நிற்பாள். பெனிட்டா என் மகள், ஒரே மகள். எங்கள் ஸ்டாப்தான் முதல் ஸ்டாப். ஆறே காலுக்கு இவளை ஏற்றிக்கொண்டு, மாவட்டம் முழுக்கப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு, எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிற வேன். நான் டவருக்குக் கையைத் தூக்குவேன், அவள் தனக்கு என்று நினைத்துக்கொண்டு அங்கிருந்து கையைத் தூக்குவாள். சின்னப் பிள்ளை, நான் திருத்தவில்லை. அவள் காலேஜுக்குப் போன பிறகும், ரோட்டில் யாரும் நிற்காத காலத்திலும், தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்படியானால் டவருக்குத்தானே?

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுக் காண்ட்ராக்டர் வந்தான். வந்ததும் எல்லோருக்கும் கண் பரிசோதனை. வெளிச்சமே இல்லாத ஓர் அறை. சுவரில் ஒரு பழைய அட்டை. கீழ் இரண்டு வரியைக் கரையான் தின்றிருந்தது. இல்லாத எழுத்தை எந்த மகாராஜா படிப்பான்? "புரை முத்திருக்கு அண்ணாச்சி, ஆபரேசன் பண்ணிட்டு வாங்க, வேலை இருக்கும்" என்றான் காண்ட்ராக்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற மயில் ஆணா பெட்டையா என்று சொன்ன கண் இது. ஆஸ்பத்திரிக்காரனும் காண்ட்ராக்டரும் சேர்ந்து செய்கிற வியாபாரம் எனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. 'போங்கடா' என்று வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் 'போங்கடா' என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். வயலட் மட்டும்தான் கேட்டாள்.

பெனிட்டா ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று சர்ச்சில் கேட்டால், கம்ப்யூட்டரில் படம் வரைகிறாள் என்பேன். இந்த விளையாட்டுக் கம்பெனி தென்னிந்திய விமான நிலையங்களைச் செய்யும் வேலையை ஹைதராபாத்தில் ஒரு சின்ன ஆபீஸுக்குக் கொடுத்திருக்கிறது. எட்டு பேர். எட்டில் இவள் ஒருத்தி. வெளியான அன்றைக்கே வாங்கி அனுப்பினாள். "அப்பா, மொதல்ல நம்ம ஏர்போர்ட்ட பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன், சொன்னேன். சொல்லச் சொன்னால் சொல்லத்தானே வேண்டும்? உப்பளத்தையெல்லாம் நீச்சல் குளமாக்கி நீலத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். பனங்காடு இருக்கிற இடத்தில் கிறிஸ்துமஸ் மரம். தூத்துக்குடி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் மரக் காடு. சர்ச்சுக்குப் போகிற என்னாலேயே சந்தோஷப்பட முடியவில்லை. அந்தச் சர்ச்சையும் விட்டுவைக்கவில்லை, கோபுரத்தை எட்டு மாடி ஆபீஸாக்கிவிட்டார்கள். இதெல்லாம் போகட்டும். ரன்வேக்கு வருகிறேன். தீயணைப்பு வண்டி இருக்கிறது. பெட்ரோல் வண்டி இருக்கிறது. பெட்டி இழுக்கிற வண்டி இருக்கிறது. டெர்மினல் வாசலில் டாக்சி ஸ்டாண்டு இருக்கிறது, அதில் டாக்சியும் இருக்கிறது. ஜீப் இல்லை. இருபத்தாறு வருஷம் ஓடிய ஜீப் இல்லை.

வரிசையாகப் போனில் சொன்னேன். "உப்பளமும் பனையும் மெஷின் தானா போடுறதுப்பா. நாங்க செஞ்சது வேலிக்குள்ள மட்டுந்தான்" என்றாள்.

"வேலிக்குள்ளதான் ஜீப் இல்லைங்கேன்."

"நீங்க எத்தன மணிக்கு வெச்சுப் பறக்கீங்க?" என்றாள்.

விளையாட்டுக்குள் மணியை நாமே வைத்துக்கொள்ளலாம் தம்பி. காலையோ சாயங்காலமோ நம் இஷ்டம். நான் எப்போதும் உச்சிப்பகல் பன்னிரண்டு. நல்ல வெயில். விமானத்துக்கு அதுதான் அழகு.

"பன்னெண்டு" என்றேன்.

"கேம்ல மணிய ஆறே கால்னு வெச்சுப் பாருங்கப்பா. ஒரே ஒரு தடவ."

ஆறே காலுக்கு என்ன தெரியும்? விடிந்தும் விடியாத நேரம். ஜவுளிக்கடையில் சாயம் போன சேலையை விளக்குக்கு அடியிலேயே விரித்துக் காட்டுவானே, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோக விடமாட்டானே, அது ஞாபகம் வந்தது. "வெளிச்சத்துல காட்ட முடியாத சரக்கா பிள்ள?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். "சரிப்பா, வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே கடையில் கருத்து எழுதினேன். எழுதவில்லை, பேசினேன்; பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. தலைப்பு, 'படம் மங்கலாக இருக்கிறது'. கீழே ஒன்பது குறை. ஒன்பதாவது ஜீப். 'இந்த ரன்வேயில் பறவை விரட்டுகிற ஜீப் இல்லை. அது இல்லாமல் இங்கே ஒரு விமானமும் இறங்கியதில்லை. இதைச் செய்தவர்கள் எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இங்கே வாழ்ந்த ஒருவரையும் இவர்களுக்குத் தெரியாது.' அதோடு கட்டைவிரல் கீழே. பெயர் போட வேண்டிய இடத்தில் 'ரன்வே கிளியர்' என்று போட்டுக்கொண்டேன். சொந்தப் பெயர் ஞானதிரவியம். அதைப் போட்டால் யாருக்குத் தெரியும்?

தம்பி, இரண்டாயிரத்து முந்நூறு பேர் அதை 'உதவியாக இருந்தது' என்று அமுக்கினார்கள். யாரோ கீழே இங்கிலீஷில் சுருக்கிப் போட, வெளிநாட்டுக்காரன்கூட அமுக்கினான். தென்னிந்தியப் பகுதிக்கு வந்த கருத்துகளில் என்னுடையதுதான் முதல் இடத்தில் நின்றது. நானூறு பேர் 'சிரிப்பாக இருந்தது' என்றும் அமுக்கியிருந்தார்கள். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னதை இரண்டாயிரம் பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. 'ரன்வே கிளியர்' என்று தினமும் சொன்னேனே, அதைக் கேட்டது டவரில் ஒரே ஆள். அவரும் டீ குடித்துக்கொண்டே கேட்பார்.

பெனிட்டாவிடமிருந்து போன் வருவது நின்றது. வேலை அதிகம் என்று நினைத்தேன். பத்து நாள் ஆனது. பதினைந்து நாள் ஆனது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வயலட் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். அவள் போய்த்தான் விஷயம் தெரிந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்காம். எட்டு பேரையும் உட்காரவைத்து, மேலே உள்ளவன் முதல் இடத்தில் நிற்கிற கருத்தைத் திரையில் போட்டிருக்கிறான். தமிழில் இருக்கிறது. அந்த ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான். "பெனிட்டா, நீ வாசித்துச் சொல்" என்றானாம். பெயரைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுந்து நின்று ஒன்பது குறையையும் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லையாம். இவர்கள் எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு தம்பி. ஒன்றைச் செய்து முடித்த பிறகு, அதை ஏன் செய்தாய் என்று என்னை நானே நிற்கவைத்துக் கேட்பேன். செய்வதற்கு முன்னால் கேட்கிற பழக்கம் வரவில்லை. அவள் அந்த ஆபீஸில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலிக்குள் அவர்கள்தான் செய்தார்கள் என்று அவளே சொன்னாள். தெரிந்துதான் பேசினேன். மகள் என்பதற்காக உண்மையைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில். பதினைந்து நாள் தாங்கியது.

நேற்று வயலட் போன் செய்தாள். "ஆறே காலுக்கு வெச்சுப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"நீயுமா?"

"ஒங்க வண்டிய வெச்சிருக்கா. ஆறே காலுக்கு மட்டும் வருமாம். லீவு நாள்ல ஆபீஸுக்குப் போயி மூணு வாரம் செஞ்சாளாம். மேல உள்ளவனுக்குக்கூடத் தெரியாது."

"அவ சொன்னாளா?"

"அவ எங்க சொன்னா? ஒங்க பேர எடுத்தாலே எந்திச்சுப் போயிருதா. கூட வேல பாக்குற பிள்ள சொல்லிச்சு. நீங்க பாத்துட்டு அவகிட்ட பேசுங்க. பாக்காமப் பாத்தேன்னு சொல்லாதீங்க. அவ ஒரே ஒரு கேள்வி கேப்பா, நீங்க முழிப்பீங்க."

இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். எந்த இடத்தில் பொய் சொல்வேன் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறாள்.

நேற்றே மணியை ஆறே கால் என்று வைத்தேன். எட்டுத் தடவை வைத்தேன். வெறும் மூட்டம். டவர் ஒரு கம்பு மாதிரித் தெரிகிறது. ரன்வே எங்கே முடிகிறது, புல் எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. நகர்ந்ததா, நான் ஆசைப்பட்டதா? மூக்கு திரையில் இடிக்கிற வரைக்கும் கிட்டே போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். இதைச் சரிசெய்யாமல் நான் அவளிடம் பேச முடியாது. புரிகிறதா, ஏன் மூன்றாவது தடவை புகார் என்று?

பார்த்துவிட்டீர்களா? என்ன சொல்கிறது உங்கள் கருவி?

தெரியும். சொல்ல வேண்டாம்.

சரி, ஒரு பரிசோதனை செய்வோம். இந்த நாற்காலிக்கு வாருங்கள். பரவாயில்லை, உட்காருங்கள், கவிழ்ந்தால் கவிழட்டும். விமானத்தை ரன்வேயின் கோடியில் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் பறக்க வேண்டாம், பார்த்தால் போதும். மணியை வைக்கிறேன். ஆறே கால் ஆகிவிட்டதா? அந்த மூலையில் எண் இருக்கும், படியுங்கள். ஆறு பதினான்கா? அப்படியானால் இன்னும் ஒரு நிமிஷம். உங்களுக்கும் தெரியவில்லை என்றால் லைன் தப்பு. தெரிந்தால், அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

டவர் தெரிகிறதா? அது எனக்கும் தெரிகிறது. இடதுபக்க ஓரத்தைப் பாருங்கள்.

மஞ்சளா? அவசரப்படாமல் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள்தானா?

கூரையில் விளக்கு இருக்கிறதா? எப்படிச் சுற்றுகிறது? அதன் மோட்டார் பழுது, ஒரே சீராகச் சுற்றாது. ஒரு தடவை சிக்கிக்கொண்டு அப்புறம் சுற்றும். அப்படியா? சிக்கிச் சிக்கித்தான் சுற்றுகிறதா?

அதை யாரும் எழுதி வைத்தது கிடையாது தம்பி. எந்தப் போட்டோவிலும் இருக்காது.

மயில் கிளம்புகிறதா? எத்தனை? மூன்று. சரி, மூன்று என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நின்றிருக்க வேண்டுமே. நின்றுவிட்டதா? ஆள் இறங்குகிறானா? என்ன சட்டை? காக்கி. சரி. தொப்பியா? தொப்பி தப்பு. நான் ஒருநாளும் தொப்பி போட்டதில்லை. பத்தாவது குறை.

கையைத் தூக்குகிறானா? எந்தக் கை? வலது. சரி. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான்? டவர் பக்கம்தானே?

நன்றாகப் பாருங்கள். வேலிப் பக்கமா?

வேலிக்கு வெளியே ரோட்டில் யாராவது நிற்கிறார்களா? பள்ளிக்கூட யூனிபாரத்தில், சின்ன உருவமாக? யாரும் இல்லையா. வெறும் ரோடா.

ஆமாம். அவள் எப்படி அங்கே இருப்பாள்? அவள் பார்த்த இடத்திலிருந்துதானே செய்திருக்கிறாள்.

இதை இன்னொரு குறையாக எழுதிவிடலாம். டவர் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். ஆனால் டவரில் வேதமாணிக்கம் என்று ஒருவர் இருந்தார், எனக்கு மூத்தவர். கிண்டல் செய்வார்கள் என்று சொன்னேன் இல்லையா, என்ன கிண்டல் என்று சொல்லவில்லை. தினமும் வாக்கிடாக்கியில் கேட்பார், "யாருக்குவே கை காட்டுத? எங்களுக்கு ஒம்ம முதுகுதாம்வே தெரியுது."

முடிந்துவிட்டதா? ஜீப் போய்விட்டதா? சரி. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அப்படியே இருங்கள்.

அந்த மேஜையில் என் போன் இருக்கும், எடுங்கள். பெனிட்டா என்று தேடிப் போடுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போடுங்கள். எடுத்தால் என்ன சொல்ல? பார்த்தேன் என்று சொன்னால் பொய். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று கேட்பாள், அதற்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது பார்த்துத் தெரிந்த பதில் இல்லையே. கண் ஆபரேஷனுக்கு ஒரு ஆள் கூட வர வேண்டும் என்பார்கள், அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன். தொப்பியைப் பற்றி இன்றைக்குப் பேச மாட்டேன்.

ரிங் போகிறதா? போகட்டும். அதற்குள் உங்கள் தாளைக் கொடுங்கள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடத்தில் என்று மட்டும் என் விரலைப் பிடித்து வையுங்கள்.